1912ஆம் ஆண்டைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்: ஃபோர்சைத் கவுண்டித் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவான ஃபோர்சைத் கவுண்டியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகக் குழுவினருக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், ஊதியம் எதுவும் பெறாமல் கற்பித்துவரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் வாழும் ஊரைப் பற்றித் தமிழில் எழுதிப் பேசும் செயல்திட்டத்தில், 1912ஆம் ஆண்டு இந்தக் கவுண்டியில் நடந்த கொலைகளையும், அவற்றைத் தொடர்ந்து இங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறக்குறைய அனைவரும் துரத்தப்பட்டதையும் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தோம். வந்த மறுமொழி கனிவானதாகவே இருந்தது. கொலையும் தூக்கும் நிறைந்த செய்தி சிறுவர்களுக்கு ஏற்றதல்ல, நாம் பிழைக்க வந்த இடத்தில் பழைய புண்ணைக் கிளறுவது நம் வேலையல்ல, தமிழ் கற்பிக்கும் நேரமே போதாதபோது அமெரிக்க வரலாறு எதற்கு என்ற மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. இம்மூன்றும் பல பெற்றோரின் மனத்தில் உள்ளவைதாம் என்பதால், ஒரு பள்ளியோடு முடித்துக்கொள்ளாமல் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், நாம் குடியிருக்கும் இந்த இடம் அன்று எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா 400 நெடுஞ்சாலையும் அதன் இருபுறமும் உள்ள குடியிருப்புகளும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, அப்பலேச்சிய மலையடிவாரத்தில் இருந்த இந்தக் கவுண்டி முழுக்க முழுக்க விவசாயம் சார்ந்தது. மிசிசிப்பி சமவெளியில் இருந்ததைப் போன்ற பெரும் பண்ணைகள் இங்கே குறைவு. பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட சிறு விவசாயிகளே மிகுதி. 1910ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த இங்கே 1,098 பேர் கறுப்பின மக்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிட்டவர்களும் கூலிக்கு உழைத்தவர்களும் ஆவர். ஆனாலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த நிலம் வைத்திருந்தன. அடிமை முறை ஒழிந்து ஐம்பது ஆண்டுகூட நிறையாத காலத்தில், அடிமைகளாகப் பிறந்தவர்களும் அவர்களுடைய மக்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம் அது. தேவாலயங்கள் கட்டியிருந்தார்கள், கவுண்டிக்கு வரி செலுத்திவந்தார்கள். வேலை, கடை, ஆலை என்று இரு நிறத்தாரும் நாள்தோறும் முகம் பார்த்துப் பழகிய சிற்றூர்கள் இவை. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

1912 செப்டம்பர் முதல் வாரத்தில், ஒரு வெள்ளைப் பெண் தன் படுக்கையறைக்குள் கறுப்பின ஆண் ஒருவன் நுழைந்ததாகக் கூற, பலர் கைது செய்யப்பட்டனர். அந்தக் குற்றச்சாட்டைப் பற்றி வாய்விட்டு ஐயம் தெரிவித்த கிராண்ட் ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர், கவுண்டியின் தலைமையிடமான கம்மிங் நகரச் சதுக்கத்தில் பட்டப்பகலில் குதிரைச் சாட்டையால் அடிக்கப்பட்டார். ஆளுநர் படையினரை அனுப்பிக் கைதிகளை வெளியூருக்குக் கொண்டுபோகும்படி ஆயிற்று. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், செப்டம்பர் 9ஆம் தேதி காலை, ஆஸ்கர்வில் என்ற ஊருக்கு அருகே காட்டுக்குள் மே குரோ என்ற பதினெட்டு வயது வெள்ளைப் பெண், தலையில் பலத்த காயங்களோடு நினைவற்ற நிலையில் கண்டெடுக்கப்பட்டாள். இரண்டு வாரம் உயிருக்குப் போராடி அவள் இறந்தாள். அவள் ஒரு விவசாயக் குடும்பத்தின் மகள். பின்னால் நடந்த அநீதியின் அளவைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் சிறிதாக்கிவிடவோ சொல்லாமல் விட்டுவிடவோ கூடாது. இந்த வரலாற்றில் முதலில் சிதைக்கப்பட்டது அவளுடைய உயிர்தான்.

அவள் கிடந்த இடத்துக்கு அருகில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிறு கைக்கண்ணாடியை வைத்து எர்னஸ்ட் நாக்ஸ் என்ற சிறுவனைப் பிடித்தார்கள். அவனுக்கு வயது பதினாறு. கிணற்றுக் கயிற்றைக் கழுத்தில் போட்டுத் தூக்கிலிடுவதுபோல் மிரட்டி அவனிடமிருந்து ஒப்புதல் வாங்கப்பட்டது. அந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மே குரோவை யார் தாக்கினார்கள் என்பதை நம்பத்தக்க முறையில் எவரும் நிறுவவில்லை என்று மட்டுமே வகுப்பில் சொல்ல முடியும், அதுவே போதும். மறுநாள் ராப் எட்வர்ட்ஸ் என்ற இருபத்துநான்கு வயதுக் கூலித் தொழிலாளியும் இதே வழக்கில் கைதாகிக் கம்மிங் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் சிறையைச் சூழ்ந்தனர். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் அந்த நேரத்தில் அங்கே இல்லை. உள்ளே புகுந்தவர்கள் எட்வர்ட்ஸைக் கடப்பாரையால் அடித்தும் சுட்டும் கொன்று, சதுக்கத்தில் இருந்த தொலைபேசிக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். ஊரே பார்த்திருக்க நடந்த அந்தக் கொலையைச் செய்தவர்கள் 'அடையாளம் தெரியாதவர்கள்' என்று விசாரணையில் எழுதி முடிக்கப்பட்டது. யார் மீதும் வழக்கு இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் நடந்த நீதிமன்ற விசாரணைக்காக அட்லாண்டாவிலிருந்து படைக் காவலோடு கைதிகள் கொண்டுவரப்பட்டபோது எடுத்த ஒரு புகைப்படம் அன்றைய நாளிதழில் வெளியானது. துப்பாக்கி ஏந்திய படையினருக்கு நடுவே ஆறு பேர் நிற்கிறார்கள். அவர்களில் எர்னஸ்ட் நாக்ஸும், பதினெட்டு வயது ஆஸ்கர் டேனியலும், ஆஸ்கரின் அக்காளும் கொல்லப்பட்ட எட்வர்ட்ஸோடு வாழ்ந்தவருமான ஜேன் டேனியலும் உண்டு. இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் எர்னஸ்டின் மேல்தான் போய் நிற்கிறது. நம் பள்ளியில் எட்டாம் நிலை முடித்துவிட்டு, இளநிலை ஆசிரியருக்கு உதவியாக வந்து நிற்கும் பிள்ளைகளின் வயது அவனுக்கு. ஜேன், தன் தம்பிக்கு எதிராகவே சாட்சி சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அதன் பேரில் அவர் விடுவிக்கப்பட்டார். கணவனைக் கம்பத்தில் பார்த்த பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்திருக்கும்? வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு சற்று நேரத்திலேயே எர்னஸ்ட், ஆஸ்கர் இருவரையும் குற்றவாளிகள் என்றது.

அக்டோபர் 25ஆம் தேதி அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பொதுமக்கள் பார்க்க முடியாதபடியே தூக்கு நிறைவேற்றப்பட வேண்டும் என்பது சட்டம். நீதிபதியும் அப்படியே ஆணையிட்டதால், தூக்குமரத்தைச் சுற்றி உயரமாக வேலி எழுப்பப்பட்டது. முந்தைய இரவு அந்த வேலியைத் தீ வைத்து எரித்துவிட்டார்கள். சுற்றிலும் சரிவான மேடுகள் கொண்ட அந்த வயல்வெளியில், ஐயாயிரம் பேருக்கு மேல் குடும்பம் குடும்பமாக வந்து கூடி வேடிக்கை பார்த்தார்கள். கவுண்டியின் மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர். பெற்றோரோடு வண்டியேறி வந்த வெள்ளைப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 'சிறுவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற சொல்லை நம் கூட்டத்தில் கேட்டபோது இந்த வயல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பதினாறு வயதில் ஒருவன் அங்கே தூக்குமரத்தில் ஏறினான், அவனைவிட இளையவர்கள் கீழே நின்று பார்த்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால், தென் மாநிலங்களில் அக்காலத்தில் நடந்த நூற்றுக்கணக்கான கொலைகளுள் ஒன்றாக இது போயிருக்கும். ஃபோர்சைத்தை வேறுபடுத்துவது அடுத்து நடந்தது. மே குரோ அடக்கம் செய்யப்பட்ட காலத்திலிருந்தே இரவில் குதிரைகளில் கிளம்பிய கும்பல்கள் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை நோக்கிச் சுட்டன, தேவாலயங்களை எரித்தன, இத்தனை மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று எச்சரித்தன. சில வாரங்களுக்குள் கவுண்டியின் கறுப்பின மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக வெளியேறிவிட்டார்கள். அது எந்தப் பருவம் என்பதைக் கவனியுங்கள். செப்டம்பரும் அக்டோபரும் பருத்தி எடுப்புக் காலம். வாரத்துக்குப் பயிரிட்டவருக்கு ஆண்டு முழுக்கக் கடையில் வாங்கிய கடனைக் கழித்துத் தன் பங்கு கைக்கு வருவது, பஞ்சு ஜின்னிங் ஆலைக்குப் போய்க் கணக்கு முடிந்த பிறகுதான். வெடித்து நின்ற செடியையும், வரவேண்டிய பங்கையும், விற்க நேரமில்லாத மாட்டையும் பன்றியையும் விட்டுவிட்டு, வண்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு, குழந்தைகளோடு சட்டஹூச்சி ஆற்றைக் கடந்து ஹால் கவுண்டியின் கெய்ன்ஸ்வில்லுக்கும் தெற்கே அட்லாண்டா பக்கத்துக்கும் போனார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, அறுவடைக்கு முன் நிலத்தை விட்டுப் போவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

நிலம் என்னவாயிற்று என்பதும் சொல்லப்பட வேண்டும். சிலர் கிடைத்த விலைக்கு விற்றார்கள். அச்சத்தில் விற்பவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது தெரிந்ததே. விற்கவும் முடியாமல் போனவர்களின் நிலத்தில் அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் உழத் தொடங்கி, அதற்கு வரியும் கட்டி, காலப்போக்கில் தங்கள் பெயருக்கு ஆக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் அனுபவ பாத்தியம் என்று சொல்வோமே, அதற்கு ஜார்ஜியாவிலும் சட்டம் உண்டு: ஏதோ ஓர் ஆவணத்தின் பேரில் அனுபவித்தால் ஏழு ஆண்டு, எதுவுமில்லாமல் அனுபவித்தால் இருபது ஆண்டு. நிலத்துக்கு உரியவர் திரும்பி வந்தால் உயிர் போகும் என்ற நிலையில் ஆண்டுகள் நிறைவது எளிது. கிரயப் பத்திரம் எதுவுமே இல்லாமல் கைமாறிய மனைகள் இங்கே உண்டு. ஒரு புத்தாண்டு விருந்தில் இதைச் சொன்னபோது, 'நம் வீட்டின் பழைய பத்திரத்தையும் பார்க்க வேண்டுமோ' என்று நண்பர் ஒருவர் சிரித்தார். பார்க்கலாம் என்றுதான் நான் சொன்னேன்.

இனி, துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி. கெய்ன்ஸ்வில்லில் வளர்ந்தவர்களுக்கு அப்பாவின் நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு நாள் வண்டிப் பயணத் தொலைவு, ஆனால் அவர்கள் போக முடியாத இடம். அந்தக் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசவில்லை, பேசினாலும் தணிந்த குரலில் சிலவற்றை மட்டும் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் பலர் முதிய வயதில்தான் தங்கள் குடும்பம் ஏன் இடம் பெயர்ந்தது என்பதை முழுமையாக அறிந்தார்கள். மறுபுறம், இந்தக் கவுண்டியிலேயே தங்கி வளர்ந்த வெள்ளைப் பிள்ளைகள் வேறொரு விதமான குழந்தைப் பருவத்தைப் பெற்றார்கள். பருத்தி போய்க் கோழிப் பண்ணைகள் வந்த பிறகும், இரண்டு மூன்று தலைமுறைகள், வகுப்பில் ஒரு கறுப்பினக் குழந்தைகூட இல்லாத பள்ளிகளில் படித்தார்கள். வழி தவறி வரும் கறுப்பினத்தவரை விரட்டுவது ஊரின் வழக்கம் என்பதாகக் கேட்டு வளர்ந்தார்கள். கொலையைச் செய்தவர்கள் அவர்களுடைய தாத்தாக்கள். அதை வீட்டில் சொன்னவர் குறைவு, சொன்னவர்களும் பெருமையாகச் சொன்னார்கள்.

இந்த மௌனத்தின் விளைவு என்ன என்பதை 1987 காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி 17 அன்று, மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டி, குடியுரிமை இயக்கத் தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் நூறு பேருக்கும் குறைவான ஒரு சிறு குழு சகோதரத்துவ நடைப்பயணமாக இங்கே வந்தது. சில நூறு பேர் எதிரே திரண்டு கல்லும் புட்டியும் எறிந்தார்கள். 1912க்கு வெகுகாலத்துக்குப் பின் பிறந்த இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 24 அன்று, கொரெட்டா ஸ்காட் கிங், ஜெஸ்ஸி ஜாக்சன், ஜான் லூயிஸ், ஆண்ட்ரூ யங் உள்ளிட்டோரோடு ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நடந்தார்கள். அவர்களைக் காக்க ஆயிரக்கணக்கில் காவலர்களும் தேசியக் காவல் படையினரும் நிறுத்தப்பட்டார்கள். அடுத்த மாதம் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சியைக் கம்மிங்கிலேயே நடத்தினார். நிலத்துக்கு ஈடு தர வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய இருதரப்பாரையும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அது ஒரு முடிவுக்கு வர முடியாமல் இரண்டாகப் பிரிந்து தனித்தனி அறிக்கை கொடுத்தது. ஈடு எதுவும் தரப்படவில்லை. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1990 குடிக்கணக்கில் இந்தக் கவுண்டியில் இருந்த 44,083 பேரில் கறுப்பின மக்கள் 14 பேர். பதினான்கே பேர்.

நாம் எங்கே வருகிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணுக்கு அடுத்து வருவதைப் படிக்கச் சொல்வேன். 2020இல் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது, அதில் ஆசிய வழியினர் ஏறத்தாழ 18 விழுக்காடு. பக்கத்து நகரமான ஆல்ஃபரெட்டாவின் மென்பொருள் வேலைகளை நம்பி, 'நல்ல பள்ளி மாவட்டம்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, பண்ணை நிலங்களைப் பிரித்துக் கட்டிய குடியிருப்புகளில் நாம் வீடு வாங்கினோம். ஒரு தொகுதி மக்கள் அகற்றப்பட்டு முக்கால் நூற்றாண்டு திரும்ப விடப்படாத ஒரு கவுண்டியில், அந்தத் தடை தளர்ந்த பின் முதலில் பெருமளவில் குடியேறிய வேற்று நிறத்தவர்களுள் நாமும் அடங்குவோம். இது நம் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கதை 1912க்கு வெளியே நிற்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது உண்மையும் அல்ல. 1987இல் அந்த இருபதாயிரம் பேர் நடக்காதிருந்தால் பொங்கல் விழாவுக்கு நாம் இங்கே பள்ளி அரங்கம் எடுத்திருப்போமா என்பதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தவறாகத் தெரியும். கவுண்டியின் கிழக்கு எல்லையில் உள்ள லேனியர் ஏரிக்கடியில் ஒரு கறுப்பின நகரம் மூழ்கிக் கிடக்கிறது, இறந்தவர்களின் ஆவிதான் படகில் போகிறவர்களை இழுக்கிறது என்ற பேய்க்கதைகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏரி 1950களில் பூஃபர்ட் அணை கட்டப்பட்டபோது உருவானது. ஆஸ்கர்வில் பகுதியின் நிலங்கள் சில நீருக்கடியில் போனது உண்மை. ஆனால் அந்த மக்கள் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே துரத்தப்பட்டுவிட்டார்கள். பேய்க்கதை, துப்பாக்கியோடு வந்த அண்டை வீட்டுக்காரர்கள் செய்ததைத் தண்ணீரின் மேல் போடுகிறது. பெரியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தை இப்படிப்பட்ட கதைகள்தான் நிரப்பும். கோடையில் குடும்பத்தோடு அந்த ஏரிக்குப் போகும் நாம், குறைந்தபட்சம் காலவரிசையையாவது சரியாகச் சொல்லித்தரலாம்.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். வயதைப் பற்றிய கவலையை நான் ஏற்கிறேன். ஆறாம் நிலைக்குக் கீழே இதைச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மேல் வகுப்புகளிலும் உடல்களின் படத்தைக் காட்டத் தேவையில்லை. மே குரோ தாக்கப்பட்டாள் என்று சொன்னால் போதும், எப்படி என்பதை விவரிக்கத் தேவையில்லை. 2022இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தைச் சிலர் நினைவூட்டினார்கள். 'பிரிவினைக் கருத்துகள்' என்று அது பட்டியலிடுபவற்றை அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத்தான் அது தடுக்கிறது. நடந்த வரலாற்றைச் சொல்வதை அது தடை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அது பொருந்துவதும் இல்லை. சட்டத்தைவிட அச்சம்தான் இங்கே அதிகம் ஆள்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் தயங்கி விடக்கூடியதைத் தயக்கமின்றிப் பேசக்கூடிய இடம் நம் கையில் இருக்கிறது என்று இதைப் பார்க்க வேண்டும்.

பிழைக்க வந்த இடத்தில் புண்ணைக் கிளறலாமா என்ற கேள்விக்கு இந்த ஊரே பதில் சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில், ராப் எட்வர்ட்ஸ் கொல்லப்பட்டதையும் கறுப்பின மக்கள் துரத்தப்பட்டதையும் சொல்லும் நினைவுப் பலகை ஒன்றை, இனக்கொலைகளை ஆவணப்படுத்தும் ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பும் உள்ளூர் மக்களும் சேர்ந்து கம்மிங் நகர மையத்தில் நிறுவினார்கள். துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குக் கல்வி உதவித்தொகை ஒன்று 2022 முதல் வழங்கப்படுகிறது, அதை முன்னெடுத்தவர்கள் இங்குள்ள வெள்ளைப் போதகர்களும் தேவாலயங்களும்தாம். ஊர்க்காரர்கள் பேசத் தொடங்கிய பிறகும் விருந்தாளி மரியாதையின் பேரில் நாம் வாய்மூடி இருப்பது, அவர்களில் பேசாதிருப்பவர்களின் பக்கம் நிற்பதாகவே முடியும்.

இந்தத் தயக்கம் நமக்கு அமெரிக்காவில் வந்ததும் அல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நெல்லறுப்புக் கூலி கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதையும், உயர் நீதிமன்றத்தில் நில உடைமையாளர்கள் விடுவிக்கப்பட்டதையும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் கேட்டு வளர்ந்தோம்? காவிரிப் படுகையைச் சேர்ந்த என் வீட்டில் அது பேசப்பட்டதில்லை. ஒரு விவசாய ஊரில் நிலமும் கூலியும் நிறமும் சாதியும் சேர்ந்து எப்படிக் கொலையில் முடிகின்றன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தமிழில் சொற்கள் குறைவாக இல்லை. வாரம், கூலி, கிரயம், சாட்சி, ஊர்விலக்கு என்று எல்லாமே நம்மிடம் இருக்கின்றன. தமிழ் நேரம் வீணாகும் என்றவர்களுக்கும் இதுவே என் மறுமொழி: நேர்த்தியான மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், தாங்கள் நிற்கும் மண்ணைப் பற்றி நான்கு பத்தி தமிழில் எழுதட்டும். அந்த நான்கு பத்தியில் அவர்கள் கற்கும் மொழி அதிகமாக இருக்கும்.

நாங்கள் கேட்பது மிகச் சிறியது. ஆறாம் நிலை முதல் உள்ள மாணவர்களுக்கு மூன்று வகுப்புகள் ஒதுக்குங்கள். முதல் வகுப்பில் 1910, 1990, 2020 ஆகிய மூன்று குடிக்கணக்குகளின் எண்களை மட்டும் பலகையில் எழுதி, இடையில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களையே கேட்கலாம். இரண்டாவதில், டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் ஜார்ஜியா இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் அக்கால நாளிதழ்களிலிருந்து ஒரு செய்தியை எடுத்து, விசாரணைக்கு முன்பே கைதிகளை அது எந்தச் சொற்களால் குறிப்பிடுகிறது என்று படித்துத் தமிழில் சுருக்கி எழுதச் சொல்லலாம்; ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதும் பயிற்சி எப்படியும் நம் பாடத்தில் உண்டு. மூன்றாவது, கம்மிங் நகர மையத்தில் உள்ள பலகைக்குப் பெற்றோரோடு போய் வருவது. எல்லாம் சேர்த்து ஒரு காலைப் பொழுதுக்குள் முடியும். வர விரும்பாத குடும்பங்களுக்கு மாற்றுச் செயல்திட்டம் கொடுங்கள், எவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். பாடக் குறிப்பைப் பெற்றோராகிய நாங்கள் எழுதித் தருகிறோம், ஆசிரியர்கள் திருத்தி எடுத்துக்கொள்ளலாம்.

துரத்தப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் யாராவது வந்து பேச முடியுமா என்று கேட்டுப் பார்க்கவும் எண்ணியிருக்கிறோம். அவர்களைப் பொருத்தவரை இது எளிய வருகை அல்ல என்பதால், பள்ளி தன் முடிவைச் சொல்லும் முன் நாங்கள் யாரையும் அணுகப் போவதில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த வகுப்புகள் நடப்பது பொருத்தமாக இருக்கும். புதிய கல்வியாண்டுக்கான பாட அட்டவணை இறுதியாவதற்கு முன் உங்கள் குழுக்கள் கூடி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மறுப்பதாக இருந்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதை மற்றப் பெற்றோருக்கும் நாங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கம்மிங்கில் இரு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தமிழ்ப் பெற்றோர்